எலெக்ட்ரானிக் லக்கேஜ் டேக், செல்ஃப் செக்-இன்: டர்பன் பயணிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்திலிருந்து வருஷத்துக்குப் பல தடவை பறக்கிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை. கோயில் யாத்திரைக்கும் கல்யாணப் பட்டு எடுக்கவும் சென்னை போகிறவர்கள், பிள்ளைகளைப் பார்க்க லண்டன் போகிறவர்கள், வேலைக்காக வாராவாரம் ஜோஹனஸ்பர்க் போய்த் திரும்புகிறவர்கள் என்று எல்லாரும் உண்டு. ஒரே சந்தேகம் திரும்பத் திரும்ப வந்ததால், அவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் சேர்த்திருக்கிறோம். செல்ஃப் செக்-இன்னை எல்லாரும் பழகிக்கொள்ளலாம். எலெக்ட்ரானிக் டேக்குக்குக் காசு கொடுக்குமுன் 7, 8 ஆகிய கேள்விகளைப் படித்துவிடுங்கள்.

1. எலெக்ட்ரானிக் டேக்னா என்ன? ஏர்டேக் மாதிரிதானே?

இல்லை. ஏர்டேக் பெட்டிக்குள் கிடந்து, தான் இருக்கும் இடத்தை உங்கள் போனுக்குச் சொல்லும். விமான நிலையத்துக்கு அது உள்ளே இருப்பதே தெரியாது. எலெக்ட்ரானிக் டேக் கைப்பிடியில் வெளியே தொங்குவது. கவுண்டரில் மாட்டுகிற காகிதப் பட்டைக்குப் பதிலாக, கிண்டில் திரை மாதிரி ஒரு சின்னத் திரை. அந்தந்தப் பயணத்துக்கான பார்கோடு அதில் வரும். பெல்ட்டில் உள்ள ஸ்கேனர் அதைப் படித்து எந்த விமானம் என்று பிரிக்கும்.

இந்த டேக் பெட்டி இருக்கும் இடத்தைச் சொல்லாது. வாங்கிவிட்டு ஏமாந்தோம் என்று சொல்கிறவர்களில் பலர் இதை எதிர்பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார்கள். அது வேண்டுமென்றால் ஏர்டேக் போதும். அதிலுள்ள சி.ஆர்.2032 பட்டன் பேட்டரி அனுமதித்த அளவுக்குள் அடங்கும். செக்-இன் பெட்டியிலேயே வைக்கலாம்.

2. டேக்ல பத்து நம்பர் இருக்கே, அது எதுக்கு?

பெட்டியின் முழு வாழ்க்கையும் அந்தப் பத்து எண்ணில்தான். கார் நம்பர் பிளேட் மாதிரி. 0176456789 என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் எண் 0 என்றால் சாதாரண டேக். 2 என்றால் தவறவிட்ட பெட்டியை அவசரமாகப் பின்னால் அனுப்புகிற டேக். அடுத்த மூன்றும் விமான நிறுவனத்தின் குறி: எமிரேட்ஸ் 176, கத்தார் ஏர்வேஸ் 157, சவுத் ஆஃப்ரிக்கன் ஏர்வேஸ் 083, லுஃப்தான்சா 220. மிச்சம் ஆறும் உங்கள் பெட்டிக்கான எண்.

பார்கோடுக்குள் உங்கள் பெயரோ ஊரோ கிடையாது. இந்தப் பத்து எண் மட்டும்தான். ஸ்கேனர் எண்ணைப் படித்ததும், "இந்த எண் யாருடையது, எந்த விமானத்துக்குப் போகணும்" என்பதைக் கம்ப்யூட்டர் தேடி எடுக்கும். டேக்கில் பெரிதாக அச்சடித்த எம்.ஏ.ஏ. (சென்னை), டி.எக்ஸ்.பி. (துபாய்) மாதிரி ஊர்க் குறிகள் எல்லாம் மனிதர் கண்ணுக்கு. காகிதமானாலும் திரையானாலும் இந்த ஏற்பாடு ஒன்றுதான். பெட்டியைக் கொடுத்த கையோடு அந்த எண்ணைப் போனில் படம் எடுத்து வையுங்கள். ஏன் என்பது 16-ஆம் கேள்வியில் தெரியும்.

3. பழைய டேக்கைக் கிழிக்காம விட்டா என்ன ஆகும்?

பெட்டி வழிமாறலாம். ஸ்கேனர் பெட்டியை எல்லாப் பக்கமிருந்தும் பார்க்கும். இரண்டு எண் கண்ணில் பட்டால் எது சரி என்று அதற்குத் தெரியாது. பெட்டியை ஓரம்கட்டி ஆள் கையில் விடும். அங்கே வரிசை நீண்டால் உங்கள் விமானம் போய்விடும்.

நீளப் பட்டையை எல்லாரும் கிழித்துவிடுகிறார்கள். விட்டுப்போவது, பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிய நகம் அளவு குட்டி ஸ்டிக்கர்கள். அவற்றிலும் அதே பத்து எண் உண்டு. பழைய பயணத்துடையதை வெந்நீர்த் துணி வைத்துத் துடைத்து எடுங்கள். புதுப் பயணத்தின் குட்டி ஸ்டிக்கரை மட்டும் ஒட்டுங்கள்: பட்டை கிழிந்து விழுந்தாலும் பெட்டியை அடையாளம் காண அது இருக்கும்.

4. செல்ஃப் செக்-இன்னா போன்ல பண்றதா, அந்த மெஷின்ல பண்றதா?

இரண்டும்தான், மூன்றாவதாக இன்னொன்றும் உண்டு. ஆன்லைன் செக்-இன் பெரும்பாலும் 24 முதல் 48 மணி நேரத்துக்கு முன்னால் திறக்கும். கியோஸ்க் என்பது விமான நிலையத்தில் நிற்கும் மெஷின்; போர்டிங் பாஸ் தரும், சில இடங்களில் டேக்கும் அச்சடிக்கும். மூன்றாவது செல்ஃப் பேக் டிராப்: பெட்டியை நீங்களே பெல்ட்டில் வைக்க, மெஷின் எடை பார்த்து ஸ்கேன் செய்து இழுத்துக்கொள்ளும். இந்த மூன்றும் ஒரே விமான நிலையத்தில் ஒரே நிறுவனத்துக்குக் கிடைக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். பல இடங்களில் செக்-இன் போனில் முடிந்தாலும், பெட்டியை வாங்குவது கவுண்டரில் நிற்கும் ஆள்தான்.

மெஷின் கேட்கும் ஆறெழுத்துக் குறியீட்டில் ஒரு சிக்கல். டிராவல் ஏஜென்ட் கொடுத்த காகிதத்தில் இருப்பது ஏஜென்டின் சிஸ்டம் குறியீடாக இருக்கலாம்; விமான நிறுவனத்தின் குறியீடு வேறாக இருக்கும். "புக்கிங் இல்லை" என்று வந்தால் பதறாமல் 13 இலக்க டிக்கெட் எண்ணைப் போடுங்கள். அதன் முதல் மூன்று எண்ணும் மேலே சொன்ன 176, 157 மாதிரியான நிறுவனக் குறிதான்.

5. வீட்டிலேயே செக்-இன் முடிச்சேன், ஆனா போர்டிங் பாஸ் வரல்லே. "கவுண்டருக்கு வாங்க"ன்னு காட்டுது. நான் என்ன தப்பு பண்ணினேன்?

பெரும்பாலும் ஒன்றும் இல்லை. விசா இல்லாத ஆளை ஏற்றிக்கொண்டு போனால் திருப்பிக் கொண்டுவரும் செலவும் அபராதமும் விமான நிறுவனத்தின் தலையில் விழும். அதனால் இந்தியா மாதிரி விசா வேண்டிய நாட்டுக்குப் போகிறவரின் காகிதத்தை ஒரு ஆள் கண்ணால் பார்த்த பிறகே பாஸ் தருவார்கள். இ-விசாவை அச்சடித்து, ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டு இந்தியர்களுக்கு இந்திய அரசு தருவது) இருந்தால் அதையும் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். ஆன்லைனில் சீட் உறுதியாகிவிட்டது. "பேக் டிராப்" வரிசை தனியாக இருந்தால் அதிலேயே நிற்கலாம். நீளமான வரிசையில் நிற்கும் நேரம் மிச்சமாகும்.

இன்னொரு காரணம் பெயர். மூடலி, கோவெண்டர், நாயுடு, பிள்ளே என்று நம் குடும்பப் பெயர்கள் பல, 1860-க்குப் பிறகு இந்தியாவிலிருந்து, டர்பன் இருக்கும் நேட்டாலில் வந்திறங்கியவர்களின் பெயரை அன்றைய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியவை. ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு எழுத்துக்கூட்டல், தம்பிக்கு இன்னொன்று. டிக்கெட்டில் இருக்க வேண்டியது பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறிகளோடு ஓடும் இரண்டு வரியில் இருக்கிற எழுத்துக்கூட்டல். ஒரு எழுத்து மாறினாலும் கியோஸ்க் ஸ்கேன் தடுக்கும். டிக்கெட் எடுத்த அன்றே பார்த்துவிட்டால் திருத்துவது சுலபம்.

6. எலெக்ட்ரானிக் டேக்கை எப்படி உபயோகிக்கிறது? ஒவ்வொண்ணா சொல்லுங்க.

முதல் தடவை மட்டும் டேக்கை அதன் செயலியிலோ விமான நிறுவனத்தின் செயலியிலோ பதிந்து போனோடு இணைக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு பயணத்துக்கும்: செயலியில் செக்-இன் செய்யுங்கள், எத்தனை பெட்டி என்று சொல்லுங்கள், "எலெக்ட்ரானிக் டேக்" என்பதைத் தேர்ந்தெடுங்கள், போனின் பின்பக்கத்தை டேக்கின் மேல் வைத்து அசைக்காமல் பிடியுங்கள். திரை ஒருமுறை கறுத்து வெளுத்துப் புது பார்கோடு வரும். பாதியில் போனை எடுத்தால் கோடுகள் அரைகுறையாக நிற்கும்; மறுபடி வையுங்கள். தடிமனான போன் கவர், கவருக்குள் செருகிய பேங்க் கார்டு இரண்டும் இதைக் கெடுக்கும்.

வீட்டில் திரையில் எண் வந்துவிட்டதால் பெட்டி ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று ஆகாது. பேக் டிராப்பில் எடை பார்த்து ஸ்கேன் ஆன பிறகுதான் அந்த எண்ணுக்கு உயிர் வரும். பேக் டிராப் மூடும் நேரம் உங்களுக்கும் அதேதான்: வெளிநாட்டு விமானத்துக்குப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பு, உள்நாட்டுக்கு 40 நிமிடம் முன்பு. டேக் இருக்கிற தைரியத்தில் தாமதமாக வந்து பெட்டியோடு திரும்பிப் போனவர்கள் உண்டு.

திரையின் மேல் ஒட்டி வரும் பிளாஸ்டிக் தாளை உரித்துவிடுங்கள். விளக்கு வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்தால் ஸ்கேனருக்குக் கோடு தெரியாது.

7. அண்ணா, சென்னைக்கு வருஷம் மூணு தடவை போறேன். எனக்கு இது வாங்கலாமா?

வேண்டாம். டேக் வேலை செய்ய இரண்டு சம்மதம் வேண்டும்: நீங்கள் பறக்கும் நிறுவனத்தின் சம்மதம், நீங்கள் கிளம்பும் விமான நிலையத்தின் சம்மதம். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் கவுண்டரில் காகிதப் பட்டைதான் மாட்டுவார்கள். செயலியில் உங்கள் பயணத்தைத் திறந்து, பெட்டி சேர்க்கும் இடத்தில் எலெக்ட்ரானிக் டேக் என்ற தேர்வு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் கேள்வி அங்கேயே முடிந்தது. டர்பனிலிருந்து துபாய், தோஹா வழியாகச் சென்னை போகிறவர்களுக்கு, போக ஒரு நிறுவனம், வர இன்னொன்று என்று மலிவு டிக்கெட் எடுக்கும் பழக்கமும் சேர்ந்தால், டேக் மேசை இழுப்பறையில்தான் கிடக்கும்.

தேர்வு இருந்தாலும் மிச்சமாவது என்ன என்று கணக்குப் பாருங்கள். கியோஸ்க்கில் பட்டை அச்சடிக்க ஒரு நிமிஷம் ஆகிறது. டேக் மிச்சப்படுத்துவது அந்த ஒரு நிமிஷம். எடை, விசா சோதனை, பாதுகாப்புச் சோதனை, குடியேற்ற வரிசை எதுவும் குறையாது. விலையோ சுமார் 70 அமெரிக்க டாலர், ராண்டில் ஆயிரத்துக்கு மேல். அனுப்பும் கட்டணமும் சுங்கமும் தனி.

8. அப்போ அடிக்கடி பறக்கிறவங்க யாருக்குத்தான் இது உபயோகம்?

ஒரே நிறுவனத்தில், மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை, செக்-இன் பெட்டியோடு, விசா சோதனை தேவைப்படாத பாதையில் பறக்கிறவருக்கு. லுஃப்தான்சா, சுவிஸ், ஆஸ்திரியன் ஆகியவை ஐரோப்பாவில் இதை ஏற்கின்றன. அமெரிக்காவில் அலாஸ்கா ஏர்லைன்ஸ் தன் வாடிக்கையாளர்களுக்கு இதைக் கொண்டுவந்தது. அந்தப் பக்கம் குடியேறி உள்ளூரிலேயே பறந்துகொண்டிருக்கும் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தால் உபயோகிப்பார்கள்.

வாராவாரம் டர்பன், ஜோஹனஸ்பர்க் போய்வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி கைப்பெட்டி மட்டும் எடுத்துப்போவது. 7 கிலோவுக்குள் இரண்டு நாள் உடுப்பு அடங்கும். போனில் பாஸ், நேரே பாதுகாப்புச் சோதனை.

9. அதுல பேட்டரி தீர்ந்துட்டா பார்கோடு மறைஞ்சிடுமா? லோட் ஷெடிங் நேரத்துல என்ன பண்றது?

மறையாது. இந்த வகைத் திரை படத்தை மாற்றும்போது மட்டுமே மின்சாரம் எடுக்கும். மாறிய படம் மின்சாரம் இல்லாமலே நிற்கும். சில டேக்குகளில் பேட்டரியே கிடையாது, மாற்றும் அந்த நொடிக்குப் போனிலிருந்து சக்தி எடுத்துக்கொள்ளும்.

கவலைப்பட வேண்டியது போனைப் பற்றி. கரண்ட் போனால் வீட்டு வைஃபையும் போகும். செக்-இன் திறந்தவுடன் முடித்து, போர்டிங் பாஸை இணையம் இல்லாமலே திறக்கிற மாதிரி போனில் சேமித்து வையுங்கள்.

10. ஜோஹனஸ்பர்க் மாறிப் போறேன். பெட்டியை அங்க எடுக்கணுமா, அது தானா போயிடுமா?

போகும்போது, ஒரே டிக்கெட்டாக இருந்தால் தானாகப் போகும். டேக்கில் கடைசி ஊர் எம்.ஏ.ஏ. என்று இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஜே.என்.பி. (ஜோஹனஸ்பர்க்) என்று மட்டும் இருந்தால் அங்கேயே சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். உள்நாட்டு டிக்கெட்டைத் தனியாக எடுத்திருந்தால் பெட்டி ஜோஹனஸ்பர்க்கின் ஓ.ஆர்.தாம்போ விமான நிலையத்தில் இறங்கிவிடும். நீங்கள் உள்நாட்டு முனையத்தில் எடுத்து, வெளிநாட்டு முனையத்துக்கு நடந்து, புதிதாகச் செக்-இன் செய்ய வேண்டும். மூன்று மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

திரும்பும்போது கதை வேறு. வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டி நாட்டுக்குள் நுழையும் முதல் ஊரில் சுங்கம் தாண்ட வேண்டும். டேக்கில் டர்பன் என்றே போட்டிருந்தாலும், ஜோஹனஸ்பர்க்கில் இறங்கினால் அங்கே பெல்ட்டிலிருந்து எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி உள்நாட்டு விமானத்துக்குக் கொடுக்க வேண்டும். "டர்பன்னு எழுதியிருக்கே" என்று விட்டுவிட்டு வந்து டர்பனின் கிங் ஷாகா விமான நிலையத்தில் காலி பெல்ட்டைப் பார்த்து நிற்பது அதிகம் நடக்கிறது. நேரே துபாயிலிருந்து டர்பனில் இறங்கினால் இந்தத் தொல்லை இல்லை. மும்பை, டெல்லி வழியாகச் சென்னை போனாலும் பொதுவாக இதே விதிதான்.

11. மெஷின்ல வந்த பட்டையை எப்படி மாட்டறது? ஒட்டினா சுருண்டுக்குது.

மேல் கைப்பிடியில் மாட்டுங்கள். இழுத்து நீட்டுகிற கம்பியில் வேண்டாம், ஜிப் வளையத்தில் வேண்டவே வேண்டாம். பின்தாளை முழுவதும் உரிக்காமல் நுனியில் மட்டும் உரித்து, கைப்பிடிக்குள் நுழைத்து, இரண்டு நுனியையும் ஓரத்தோடு ஓரம் பொருத்தி, நடுவிலிருந்து வெளியே தடவி ஒட்டுங்கள். பார்கோட்டின் மேல் மடிப்பு விழக்கூடாது. பட்டையில் ஒரு பார்கோடு நெடுக்கிலும் இன்னொன்று குறுக்கிலும் இருக்கும். பெட்டி எப்படிப் படுத்திருந்தாலும் ஸ்கேனருக்கு ஒன்றாவது நேராகக் கிடைக்க வேண்டும் என்பதற்காக. ஒன்றை மடித்துவிட்டால் பாதி வாய்ப்பு போச்சு.

உங்களுக்கான ரசீதுத் துண்டைக் கிழித்துப் பாஸ்போர்ட்டுக்குள் வையுங்கள். பெட்டியின் உள்ளேயும் பெயர், போன் எண், போகும் ஊர் எழுதிய ஒரு தாள் இருக்கட்டும்.

12. பிளாஸ்டிக் சுத்தறது நல்லதா?

பூட்டை நோண்டுகிறவனைச் சற்றுத் தாமதப்படுத்தும், பெட்டி வாய் பிளக்காமல் இருக்கும். முதலில் சுற்றி, பிறகு டேக்கை வெளியே தெரிய மாட்டுங்கள். டேக்கின் மேல் சுற்றினால் சுருக்கமும் மினுக்கமும் பார்கோட்டை மறைக்கும். எலெக்ட்ரானிக் டேக்குக்கு இது இன்னும் முக்கியம்.

13. குத்துவிளக்கு வாங்கினேன், பெட்டி 24.6 கிலோ. மெஷின் விடுமா?

கவுண்டர் அக்காவிடம் பேசிப் பார்க்கலாம்; மெஷினிடம் முடியாது. 23 கிலோ அனுமதி என்றால் அதற்கு மேல் நிறுத்திவிடும், அதிகப்படிக்குக் காசு கட்டச் சொல்லும். எண்ணிக்கைக் கணக்கில் டிக்கெட் இருந்தால், அதாவது "இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 23" என்றால், ஒன்று 20, இன்னொன்று 26 என்று ஈடுகட்ட முடியாது. மொத்த எடைக் கணக்கில் இருந்தால் முடியும். எந்தக் கணக்கு என்பது டிக்கெட்டிலேயே இருக்கும். 32 கிலோவைத் தாண்டிய பெட்டியைத் தூக்குகிறவர்களின் முதுகை நினைத்து எந்தக் காசுக்கும் வாங்க மாட்டார்கள்.

தி.நகரிலிருந்து கிளம்புமுன் தொங்குதராசில் எடை பாருங்கள். விளக்கின் தட்டு, தண்டு, அடிப்பாகம் மூன்றையும் கழற்றி இரண்டு பெட்டியில் பிரித்தால் வளையாமலும் இருக்கும், எடையும் சமமாகும்.

14. மெஷின் "ஆபத்தான பொருள் இருக்கா"ன்னு படம் காட்டுது. எல்லாரும் இல்லைன்னுதானே அமுக்கறாங்க?

படித்துவிட்டு அமுக்குங்கள். கவுண்டரில் ஆள் வாய்விட்டுக் கேட்பார். இங்கே அந்தப் பொறுப்பு உங்கள் விரலில். நம் பெட்டிகளில் மாட்டுவது மூன்று. கற்பூரம்: எளிதில் தீப்பற்றும் பொருள், எதிலும் வைக்கக்கூடாது, பூஜைச் சாமானோடு கட்டிக் கொடுத்திருப்பார்கள், பிரித்துப் பாருங்கள். கொப்பரை: குவியலாக இருந்தால் தானே சூடேறும், அதனால் தடை. பவர் பேங்க்: செக்-இன் பெட்டியில் கூடாது, கைப்பையில் மட்டும், 100 வாட்-அவர் வரை கேட்காமல் எடுத்துப்போகலாம்.

15. ஆயாவும் தாத்தாவும் வராங்க, குழந்தையும் இருக்கு. மெஷின்லயே முடிச்சிடலாமா?

சீட் மட்டும் ஆன்லைனில் எடுத்துவிட்டு கவுண்டருக்குப் போங்கள். சக்கர நாற்காலி 48 மணி நேரம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். அதைக் கொண்டுவருகிற ஆள் வருவது கவுண்டருக்குத்தான். குழந்தை பெற்றோரில் ஒருவரோடு மட்டும் நாட்டைவிட்டுப் போனால் மற்றவரின் சம்மதக் கடிதமும், பெற்றோர் பெயர் உள்ள பிறப்புச் சான்றிதழும் கையில் இருக்கட்டும். மெஷினால் அதைப் படிக்க முடியாது.

சிஸ்டம் முழுக்கப் படுத்துவிடும் நாளும் வரும். 2024 ஜூலை 19 அன்று கம்ப்யூட்டர் கோளாறால் பல நாடுகளில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். 2025 செப்டம்பரில் ஹீத்ரூ, பிரஸ்ஸல்ஸ், பெர்லினில் செக்-இன், பேக் டிராப் மென்பொருள் தாக்கப்பட்டு, பல வேலைகள் கைவேலையாயின. வயதானவர்களோடு போகும்போது டிக்கெட், விசா, பாஸ் மூன்றையும் காகிதத்தில் ஒரு படி வைத்திருப்பது அதற்காகத்தான்.

16. பெட்டி வரல்லே. ரசீதுத் துண்டு கேக்கறாங்க, எலெக்ட்ரானிக் டேக்ல துண்டே கிடையாதே!

செயலியில் ரசீது இருக்கும், அதில் அந்தப் பத்து எண் இருக்கும். 2-ஆம் கேள்வியில் சொன்னபடி பேக் டிராப்பில் படம் எடுத்திருந்தால் இன்னும் நல்லது: பயணம் முடிந்ததும் சில செயலிகள் பழையதை மறைத்துவிடும், டேக்கோ பெட்டியோடு போய்விட்டது. நடுவில் விமானம் மாறியிருந்தாலும் எண் மாறாது. சிஸ்டத்தில் அதே எண்ணுக்குப் புது விமானத்தை இணைப்பார்கள். பெட்டி பிந்தி வரும்போது 2-இல் தொடங்கும் காகித டேக் கூடுதலாகத் தொங்கும். வீட்டுக்கு வந்ததும் அதைக் கிழித்துவிடுங்கள்.

சுங்கத்தைத் தாண்டி வெளியே வருமுன் பெல்ட் பக்கத்துக் கவுண்டரில் புகார் எழுதி, பத்து எழுத்துள்ள புகார் எண்ணை வாங்குங்கள். விமான நிலையக் குறி, நிறுவனக் குறி, ஐந்து எண் என்று இருக்கும். ஏர்டேக் இருந்தால் அது காட்டும் இடத்தையும் அப்போதே சொல்லுங்கள். வெளிநாட்டுப் பயணத்துக்கு, விமான நிறுவனம் தர வேண்டிய இழப்பீட்டைச் சொல்லும் மான்ட்ரியல் ஒப்பந்தம் பொருந்தும். தென்னாப்பிரிக்கா, இந்தியா இரண்டும் அதில் உண்டு. பெட்டி உடைந்திருந்தால் கைக்கு வந்த 7 நாளுக்குள், பிந்தி வந்தால் கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். 21 நாள் ஆகியும் வராவிட்டால் தொலைந்ததாகக் கணக்கு. ஒருவருக்கு இழப்பீட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது 2,000 அமெரிக்க டாலருக்குச் சற்று மேல். உள்ளே இருந்தவற்றின் பில் கேட்பார்கள். பட்டுக்கடை ரசீதைப் பெட்டிக்குள் வைக்காமல் கைப்பையில் வையுங்கள்.